உப்புக்காற்றில் நின்றுபோன டாடா எஸ்டேட்: எந்தக் கோளாறுக்கு எங்கே பார்ப்பது

ராமநாதபுரம் மாவட்டத்தில், உச்சிப்புளிக்குப் பக்கத்தில் ஒரு தென்னந்தோப்பு. அங்கே ஓலைக் கொட்டகைக்குள் 9 வருஷம் நின்ற டாடா எஸ்டேட் காரை மறுபடி ஓட வைத்தேன். என் பெரிய மாமாவின் வண்டி, 1995 மாடல். கல்யாணம், கோயில், ஆஸ்பத்திரி என்று குடும்பத்துக்கே உழைத்துவிட்டு, கடைசிக் காலத்தில் பாம்பனிலிருந்து கருவாடு ஏற்றியது. அப்புறம் ஒருநாள் நின்றது, நின்றதுதான்.

எஸ்டேட் ஒரு ஸ்டேஷன் வேகன், அதாவது கூரை பின்முனைவரை நீண்டு, பின்னால் சாமான் ஏற்ற இடமுள்ள கார். வெளிவந்தது 1992-இல். கம்பெனிக்கு அப்போது டெல்கோ என்று பெயர். 1948 சிசி டீசல் எஞ்சின், 5 கியர், பின்சக்கரத்துக்குப் போகும் இழுவை. இதே எஞ்சின் டாடாவின் சியராவிலும் ஆரம்பகால சுமோவிலும் உண்டு என்பதால் எஞ்சின் சாமான்களைத் தேடிப் பிடித்துவிடலாம். அரிதாகிப்போனது கண்ணாடி, பின்விளக்கு, டிக்கிக் கதவின் ரப்பர் போன்ற பாடி சாமான்கள்தான். அதனால் வண்டி வாங்கப் போகும்போது பானெட்டைத் திறப்பதற்கு முன் டிக்கியைத் திறந்து பாருங்கள்.

நம் கரையில் வருஷக்கணக்கில் நின்ற வண்டிக்கு இரண்டு நோய்தான் பிரதானம். ஒன்று உப்பு. வாடைக் காலத்தில் ஈரத்தோடு வந்து ஒட்டும், கச்சான் காலத்தில் மணலோடு வந்து அறையும். இன்னொன்று உள்ளேயே கிடந்து கெட்டுப்போன திரவங்கள்: டீசல், பிரேக் ஆயில், ரேடியேட்டர் தண்ணீர். எந்த அறிகுறி தெரிந்தாலும் சாமான் மாற்றுவதற்கு முன் இந்த இரண்டையும் தேடிவிடுங்கள். நான் அப்படித் தேடாத இடங்களில்தான் பணம் போனது.

சாவியைத் திருப்புவதற்கு முன்

புது பேட்டரி போட்டு உடனே செல்ஃப் அடித்துப் பார்க்க எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். வேண்டாம். எஞ்சின் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். ஸ்டார்ட் ஆவதற்குச் சிலிண்டரைச் சூடேற்றும் நான்கு ஹீட்டர் பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு இரண்டு நாள் விட்டுவிடுங்கள். பிறகு கியரை நியூட்ரலில் வைத்து, கிராங்க் புல்லியின் போல்ட்டில் ஸ்பானர் போட்டுக் கையால் சுற்றுங்கள். பிளக் இல்லாததால் கம்ப்ரஷன் எதிர்க்காது, மெதுவாகச் சுற்றும்.

சுற்றவில்லை என்றால் நீள பைப் மாட்டி முறுக்காதீர்கள். முன்னும் பின்னுமாக ஓர் இம்மி அசைத்து, மறுபடி ஆயில் விட்டு, இன்னும் ஒரு வாரம் பொறுங்கள். எங்கள் வண்டி ஐந்தாம் நாள் அசைந்தது. இரண்டு வாரம் பார்த்தும் அசையாவிட்டால் எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றத்தான் வேண்டும்.

இன்னொன்று. பிளக் துளைகளில் விட்ட ஆயில் எரியத் தொடங்கி, எஞ்சின் சொல்பேச்சுக் கேட்காமல் வேகமெடுப்பது டீசலில் நடக்கக்கூடியது. முதல்முறை ஸ்டார்ட் செய்யும்போது காற்று போகும் வாயை மூடுகிற அளவுக்கு ஒரு பலகையோடு ஓர் ஆள் பக்கத்தில் நிற்கட்டும். கையால் மூட வேண்டாம், உள்ளே இழுத்துவிடும்.

செல்ஃப் ‘டக்’ என்று ஒரு சத்தம் மட்டும் போடுகிறது

பேட்டரி புதிது, செல்ஃப் மோட்டாரும் பட்டறையில் பார்த்து வந்தது. ஆனாலும் ‘டக்’, அதோடு சரி. நான் மோட்டாரை இரண்டுமுறை கழற்றிக் கொண்டுபோனேன். அப்புறம்தான் பாம்பனில் விசைப்படகு எஞ்சின் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவரைக் கூட்டி வந்தேன். அவர் மோட்டாரைத் தொடவே இல்லை. “தம்பி, மொதல்ல எர்த்தப் பாருப்பா. கடல்ல நாங்க அதத்தான் பாப்போம்” என்று சொல்லிவிட்டு, ஜம்பர் கேபிளின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவிலும் மறுமுனையை எஞ்சினின் வெறும் இரும்பிலும் கவ்வவிட்டார். சாவியைத் திருப்பினேன். செல்ஃப் அப்படிச் சுற்றியது!

கியர்பாக்ஸிலிருந்து சேஸிஸுக்குப் போகும் எர்த் பட்டையைக் கழற்றிப் பார்த்தோம். மேலுக்கு ஒரு குறையும் இல்லை. வளைத்ததும் முறுக்கு நொறுங்குகிற மாதிரி சத்தம். உறையைக் கீறினால் உள்ளே செம்பு இழைகள் பாதிக்கு மேல் பச்சைப் பொடியாகியிருந்தன. போல்ட் உட்காரும் இடத்திலோ பெயின்ட்டுக்கு அடியில் துரு ஒரு தோல் போலப் படர்ந்திருந்தது.

மல்டிமீட்டர் வைத்திருப்பவர்கள் இன்னும் துல்லியமாகப் பார்க்கலாம். சிவப்பு முனையை எஞ்சின் இரும்பிலும் கறுப்பு முனையை பேட்டரியின் நெகட்டிவ் குமிழிலும் வைத்து, இன்னொருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. பாசிட்டிவ் பக்கமும் இப்படியே, பேட்டரி குமிழுக்கும் செல்ஃப் மோட்டாரின் தடித்த முனைக்கும் நடுவே. புதுப் பட்டை போடும் இடத்தை இரும்பு பளபளக்கும்வரை தேய்த்து, போல்ட்டை இறுக்கி, அதற்குப் பிறகு கிரீஸ் பூசுங்கள்.

ஹெட்லைட் போட்டதும் டெம்பரேச்சர் முள் ஏறுகிறதா? பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் மங்குகிறதா? இவையும் எர்த் கோளாறுதான். மீட்டர் போர்டை மாற்றக் கிளம்பிவிடாதீர்கள்.

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை

சைலன்சர் வாயைப் பாருங்கள். புகையே வரவில்லை என்றால் டீசல் போய்ச் சேரவில்லை. வெள்ளைப் புகை வந்தால் டீசல் சேர்கிறது, எரியத்தான் மாட்டேன் என்கிறது. பாதிக் குழப்பம் இதிலேயே தீர்ந்துவிடும்.

புகை இல்லாத வண்டிக்கு டேங்கில் கிடக்கும் பழைய டீசலை நம்ப வேண்டாம். எங்கள் டேங்கின் அடியில் தண்ணீரும் அதன்மேல் களிம்பு போன்ற கறுப்புக் கசடும் இருந்தன. டேங்கை இறக்கிக் கழுவும்வரை 5 லிட்டர் கேனில் புது டீசல் ஊற்றி, அதிலிருந்து நேராக ஃபில்டருக்குக் குழாய் கொடுங்கள். ஃபில்டர் மேலுள்ள கைப்பம்பை அழுத்தி, ஏர் எடுக்கும் ஸ்குருவில் நுரை நின்று டீசல் மட்டும் வரும்வரை விடுங்கள். பிறகு எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசிலுக்குப் போகும் குழாய் நட்டுகளைச் சற்றே தளர்த்திச் செல்ஃப் அடித்தால் மிச்சக் காற்றும் வெளியேறும். அந்த நேரத்தில் கையையும் முகத்தையும் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். பம்பிலிருந்து வரும் டீசலின் அழுத்தம் தோலைத் துளைத்துவிடும். அது ஆபரேஷன் வரைக்கும் போகிற காயம்.

வெள்ளைப் புகை என்றால் ஹீட்டர் பிளக். ஒவ்வொன்றாக வயரைக் கழற்றி மீட்டரில் பாருங்கள். நல்ல பிளக்கில் மின்தடை மிகக் குறைவாக இருக்கும், செத்த பிளக் ஒன்றுமே காட்டாது. நம் வெயிலுக்கு இரண்டு மூன்று பிளக் வேலை செய்தாலே தட்டுத்தடுமாறிப் பிடித்துவிடும். நான்கும் சரியாக இருந்தும் பிடிக்கவில்லை என்றால்தான் நாசிலையும் கம்ப்ரஷனையும் பார்க்க வேண்டும். மீன்பிடிப் படகெல்லாம் டீசலில் ஓடும் கரை இது. நாசில் வேலை தெரிந்த கைகளை விசாரித்தால் கிடைக்கும்.

பிடித்து, ஒரு நிமிஷம் ஓடி, அணைந்துவிடுகிறதா? கேனில் ஓட்டிப் பாருங்கள். கேனில் நிற்காமல் ஓடினால் குற்றம் டேங்கிலோ அங்கிருந்து வரும் குழாயிலோதான். வெடித்த ரப்பர் குழாய் டீசலைக் கசியவிடாமலே காற்றை மட்டும் உள்ளே இழுக்கும்.

எஞ்சின் சூடாகிறது

எங்கள் பக்கத்து போர்த் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றாதீர்கள். எத்தனை வருஷம் அதை ஊற்றினார்களோ, எங்கள் ரேடியேட்டருக்குள் கெட்டிலில் படிகிற மாதிரி வெள்ளை உப்பு படிந்து பாதிக் குழாய்கள் அடைத்திருந்தன. எஞ்சின் ஓடி முடித்த பிறகு ரேடியேட்டரைத் தொடாமல், புறங்கையைச் சற்று தூரத்தில் நகர்த்திப் பாருங்கள். அடைத்த இடம் சூடில்லாமல் தெரியும். கழற்றிக் கொடுத்துச் சுத்தம் செய்து, தெர்மோஸ்டாட்டைப் புதிதாகப் போட்டு, இனிமேல் கூலன்ட்டும் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரும் மட்டும். காவிரித் தண்ணீர் குழாயில் வந்தாலும் அதை அவசரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பிரேக்: வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது, சக்கரம் பிடித்துக்கொள்கிறது

கிளட்ச்சுக்குப் போவதற்கு முன் இதை முடியுங்கள். காரணம் அடுத்த பகுதியில் புரியும்.

வண்டியை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, பிடித்திருக்கும் சக்கரத்தில் ஏர் எடுக்கும் நிப்பிளைத் திறங்கள். கொஞ்சம் ஆயில் பீய்ச்சிச் சக்கரம் விடுபட்டால், அழுத்தம் திரும்பிப் போக வழியில்லாமல் அடைபட்டிருந்தது என்று பொருள். பெரும்பாலும் ரப்பர் ஹோஸ்தான் காரணம். வெளியே நன்றாகத் தெரியும், உள்ளே ஊதிப்போயிருக்கும். நிப்பிளைத் திறந்தும் விடவில்லை என்றால் பிஸ்டனோ சிலிண்டரோ துருப்பிடித்து இறுகிவிட்டது.

பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தைக் குடிக்கும். 9 வருஷம் கடற்கரைக் காற்றைக் குடித்த ஆயிலில் சிலிண்டர் உள்ளிருந்தே துருப்பிடிக்கிறது. நான்கு சக்கரத்துக்கும் ரப்பர் கிட், ஹோஸ், புது ஆயில் என்று மொத்தமாக மாற்றிவிடுங்கள். இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

பெடல் கல்லாக இருக்கிறதா? எஞ்சினை அணைத்து, பெடலை ஐந்தாறு தடவை மிதித்து, அழுத்திப் பிடித்தபடி ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் வேக்குவம், அதாவது பிரேக்குக்குத் துணைசெய்யும் வெற்றிட இழுப்பு, வரவில்லை. டீசல் எஞ்சினுக்கு வேக்குவம் பம்ப் தனியாக உண்டு. அதிலிருந்து, மிதிக்கும் பலத்தைக் கூட்டும் பூஸ்டருக்குப் போகும் குழாயை முதலில் தடவிப் பாருங்கள்.

கியர் விழவில்லை

எஞ்சின் அணைந்திருக்கும்போது எல்லா கியரும் விழுகிறது, ஓடும்போது ஒன்றும் விழவில்லை என்றால் கியர்பாக்ஸ் நல்லதுதான். கிளட்ச்தான் விடவில்லை. ஆயில் அழுத்தத்தில் வேலை செய்யும் ஹைட்ராலிக் கிளட்ச்சில் பெடலே சொல்லிவிடும். மிதித்தால் பொதபொதவென்று தரைக்குப் போனால் ஆயில் இல்லை, அல்லது மாஸ்டர், ஸ்லேவ் சிலிண்டர்களில் ரப்பர் போய்விட்டது. பெடல் கெட்டியாக, முழு நீளத்துக்கு வேலை செய்தும் கியர் விழாவிட்டால், கிளட்ச் பிளேட் துருப்பிடித்து, எஞ்சினோடு சுற்றும் ஃப்ளைவீல் சக்கரத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஈரக்காற்றில் நின்ற வண்டிக்கு இது சகஜம்.

கியர்பாக்ஸை இறக்காமலே ஒட்டியதைப் பிரிக்கலாம். பெடலை முழுதாக அழுத்தி, சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவே ஒரு கட்டையைக் கொடுத்து ஓர் இரவு விடுங்கள். சில வண்டிகளில் காலையில் ‘பட்’ என்று பிரிந்திருக்கும். எங்களுடையது பிரியவில்லை. காய்ந்த கண்மாய்ப் பொட்டலுக்கு இழுத்துப்போய், எஞ்சினைச் சூடாக்கி அணைத்து, இரண்டாம் கியரில் போட்டு, கிளட்ச்சை மிதித்தபடியே செல்ஃப் அடித்தேன். வண்டி தவளை மாதிரி எம்பி ஓடத் தொடங்கியது. கிளட்ச்சை விடாமல் பிரேக்கை அழுத்தி அழுத்தி விட்டதில் நான்காவது தடவை பிளேட் பிரிந்தது. இப்போது தெரியும், பிரேக்கை ஏன் முன்னால் முடிக்கச் சொன்னேன் என்று. சுவரோ ஆளோ முன்னால் இருக்கும் இடத்தில் இதைச் செய்யாதீர்கள்.

பிரிந்த பிறகு ஒரு சோதனை: எஞ்சின் ஓடும்போது கிளட்ச்சை மிதித்து ஐந்து விநாடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். அப்படியும் கரகரவென்று உறுமினால் கிளட்ச் இன்னும் முழுதாக விடவில்லை.

கியர்பாக்ஸில் சத்தம்

கிளட்ச்சை மிதித்தால் சத்தம் வந்து, விட்டால் நின்றால் ரிலீஸ் பேரிங். நியூட்ரலில் சத்தம் இருந்து, மிதித்ததும் நின்றால் கியர்பாக்ஸுக்குள் நுழையும் ஷாஃப்ட்டின் பேரிங். வண்டி ஓடும்போது ஒரே ஒரு கியரில் மட்டும் வந்தால் அந்தக் கியரின் பல். கியர் போட்டு நகரும் கணத்தில் ‘டங்’ என்றால் கியர்பாக்ஸை விட்டுவிடுங்கள். பாக்ஸிலிருந்து பின்சக்கரத்துக்கு இழுவையைக் கொண்டுபோகும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் ஜாயிண்ட் கிராஸைப் பாருங்கள். கப்பைச் சுற்றிச் செந்தூரம் அப்பியது போலத் துருப்பொடி இருந்தால் உள்ளே கிரீஸ் வற்றிவிட்டது.

எதையும் முடிவு செய்வதற்கு முன் கியர் ஆயிலை இறக்கிப் பாருங்கள். இங்கே ஒரு கட்டளையாகவே சொல்கிறேன்: ஆயில் நிரப்பும் பிளக்கை முதலில் திறந்துவிட்டு, அப்புறம் இறக்கும் பிளக்கைத் திறங்கள். மேல் பிளக் துருவில் இறுகியிருந்து, நீங்கள் கீழே எல்லாவற்றையும் இறக்கிவிட்டால் புது ஆயில் ஊற்ற வழி இருக்காது. எங்கள் மேல் பிளக்கைத் திறக்க மூன்று நாள் துரு எண்ணெய் விட்டுக் காத்திருந்தோம்.

ஆயில் பால் விட்ட காபி நிறத்தில் வந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. மலிவான ஆயிலை ஊற்றிக் கொஞ்ச தூரம் ஓட்டி, சூட்டோடு இறக்கிவிட்டு நல்லதை ஊற்றுங்கள். பாக்ஸின் மேலுள்ள மூச்சுத்துளை மண்ணால் அடைத்திருக்கும், அதையும் குத்திவிடுங்கள். அடைத்தால் சூட்டில் காற்று வெளியேற முடியாமல் ஆயில் சீல் வழியாகப் பிதுங்கும். இரும்புப் பசை போல மெல்லிய தூள் கையில் ஒட்டினால் பயமில்லை. சில்லு சில்லாக வந்தால் பாக்ஸைத் திறக்க வேண்டியதுதான். புது ஆயில் கையேட்டில் சொன்ன தரமாக இருக்கட்டும். ஜிஎல்-4 கேட்ட இடத்தில் ‘இது அதைவிட உசத்தி’ என்று கடைக்காரர் ஜிஎல்-5 கொடுத்தால் வாங்காதீர்கள். அதிலுள்ள கந்தகச் சேர்மங்கள் கியர் சத்தமில்லாமல் விழ உதவும் பித்தளை சின்க்ரோ வளையங்களுக்கு ஆகாது.

கியர் தானாக நியூட்ரலுக்கு வந்து விழுகிற தொல்லையை எங்கள் வண்டியில் கண்டுபிடித்தது பாம்பன் பாலத்தில். 1988-இல் திறந்த அந்தச் சாலைப் பாலம் நடுவில் உயர்ந்து இறங்கும். இறக்கத்தில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன், மூன்றாம் கியர் விழுந்துவிட்டது. பாக்ஸைத் திறக்க நாள் குறித்த பிறகு, ஏதோ தோன்றிக் கீழே படுத்துப் பார்த்தால், கியர்பாக்ஸைத் தாங்கும் மவுன்டிங் ரப்பர் நசுங்கிப் பாக்ஸே தொங்கிக்கொண்டிருந்தது. ரப்பரும் லீவர் புஷ்ஷும் மாற்றியதோடு அந்தத் தொல்லை நின்றது.

பின் சீட்டில் புகை வாடை

இது ஸ்டேஷன் வேகனுக்கே உரிய நோய். செங்குத்தான பின்பக்கம் காற்றைக் கிழித்துப் போகும்போது அதன் பின்னால் அழுத்தம் குறைகிறது. சைலன்சர் புகை அங்கே சுழன்று, டிக்கிக் கதவில் இடுக்கு இருந்தால் உள்ளே ஏறிவிடும். முன்னால் உட்கார்ந்து ஓட்டுபவருக்குத் தெரியாது. பின்னால் இருக்கும் பிள்ளைகள் தலைவலி என்பார்கள், தூங்கிவிழுவார்கள். விளையாட்டாக விடக் கூடாத அறிகுறி.

ஒரு துண்டுக் காகிதத்தை டிக்கிக் கதவில் வைத்து மூடி இழுங்கள். கதவைச் சுற்றிலும் ஒரு சாண் இடைவெளியில் இப்படிப் பாருங்கள். லேசாக உருவி வரும் இடத்தில் ரப்பர் செத்துவிட்டது, அல்லது அடியில் விளிம்பு துருவில் அரித்துவிட்டது. நம்பர் பிளேட் விளக்குக்கு வயர் போகும் ரப்பர் வளையத்தையும் பாருங்கள். சைலன்சர் வால் பம்பரைத் தாண்டி வெளியே நீண்டிருக்க வேண்டும். நீளமான சாமான் ஏற்றி டிக்கியைத் திறந்தபடி ஓட்டத்தான் வேண்டும் என்றால் எல்லாக் கதவுக் கண்ணாடிகளையும் முழுதாக இறக்கிவிடுங்கள்.

பின் தரையில் ஈரம், ஃப்ளோர் மேட்டுக்கு அடியில் துரு

ஃப்ளோர் மேட்டைத் தூக்கியபோது அடியிலிருந்த நமுத்துப்போன விரிப்பில் உப்பு பூத்து வெள்ளையாக இருந்தது. கருவாட்டு மூட்டைகள் பல வருஷம் விட்ட உப்பு. அதைத் துடைத்துவிட்டு பெயின்ட் அடித்தால் ஆறே மாதத்தில் கொப்புளம் கிளம்பும். விரிப்பை எறிந்துவிட்டு, தரையின் வடிகால் துளைகளைக் குத்தித் திறந்து, நல்ல தண்ணீரால் நான்கைந்து தடவை கழுவி, ஒரு வாரம் வெயிலில் கதவுகளைத் திறந்துபோட்டுக் காயவிடுங்கள். அதன்பிறகு ஸ்குரூட்ரைவர் கைப்பிடியால் தட்டுங்கள். கணீரென்றால் தகடு இருக்கிறது, மொத்தென்றால் இல்லை. காந்தம் ஒட்டாத இடத்தில் தகடு இல்லை, பட்டிப் பூச்சுதான் நிற்கிறது. போன தகட்டை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வெல்டிங் செய்யச் சொல்லுங்கள், மேலே ஒட்டுப்போட விடாதீர்கள். வெல்டிங்குக்கு முன் பேட்டரி, ஆல்டர்னேட்டர் இணைப்புகளைக் கழற்றிவிடுங்கள்.

சேஸிஸ் எண் தெரியவில்லை

தனியார் காருக்கு ஆர்சி 15 வருஷம், பிறகு ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். அதற்கு வண்டியைக் காட்டும்போது சேஸிஸ் எண்ணைப் பார்ப்பார்கள். எங்கள் டிஎன் 65 வண்டியில் அந்த இடம் முழுக்கத் துருச் செதிள். கிரைண்டரைக் கொண்டுபோனால் எண்ணும் சேர்ந்து போய்விடும். டீசலில் நனைத்த துணியை ஓர் இரவு அதன்மேல் சுற்றிவைத்து, மறுநாள் பித்தளை பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்தேன். சாக்பீஸைத் தடவியதும் எழுத்துகள் வெள்ளையாக எழுந்து நின்றன. போட்டோ எடுத்துக்கொண்டு, அந்த இடத்துக்கு மட்டும் கிரீஸ் பூசி வைத்திருக்கிறேன். தனுஷ்கோடிப் பக்கம் போய்வந்த இரவே அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவும்போது, அந்தக் கிரீஸ் இருக்கிறதா என்று விரலால் ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொள்வேன்.